இரண்டு விரல் மடிப்பு

காளீஸ்வரி அன்று காலையில் மகளின் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஊதா நிறப் பாவாடை, கீழே ஜரிகைக் கரை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டையில் எடுத்தது. பிள்ளைக்கு எடுக்கிற புதுத்துணி அடுத்த வருஷமே முழங்காலுக்கு ஏறிவிடும் என்று அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் எல்லாரும் செய்வதுபோல, ஓர் அளவு பெரிதாக எடுத்து, கரைக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடித்துக் கையால் தைத்து வைத்திருந்தாள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிவிட வேண்டியதுதான். இந்த வருஷப் பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. மகள் சுகப்பிரியாவை நிற்கவைத்து, பாவாடையை இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கரை கணுக்கால் எலும்பைத் தொட்டு நின்றது. எடுத்த அன்றைக்கு எங்கே நின்றதோ அங்கேயே.

"நேத்துத் தச்ச மாதிரியில்ல இருக்கு" என்றாள். கையில் எடுத்த ஊசியை மறுபடி ரவிக்கையில் குத்திக்கொண்டாள்.

அவள் புருஷன் மாரிக்கண்ணன் மண்வெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தான். பரளச்சிக்குத் தெற்கே ஒரு தரிசில் அவன் கரிமூட்டம் போட்டிருந்தான். வெட்டிய கருவேல விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, உள்ளே தீ வைத்துவிட்டால் எட்டு நாள் பத்து நாள் அதன் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும்.

"சனிக்கிழம ரத்த ரிசல்ட்டு தாரேன்னாக. நீங்களும் ஒரு எட்டு வாங்க" என்றாள் காளீஸ்வரி.

"மூட்டத்துல தீ வச்சாச்சு. விட்டுப்பிட்டு எங்கிட்டு வர்றது?"

"ஒரு நாளைக்கு அந்த டாக்டரம்மா சொல்றத ஒங்க காதால கேளுங்கன்னுதான் சொல்றேன். நாலாப்புப் படிக்கிற புள்ள, ஒண்ணாப்புப் புள்ள மாதிரி நிக்கிறா."

"எங்காத்தா என்ன பனமரமா? அவளுந்தான் குட்டை. எட்டுப் புள்ளயப் பெத்துக் கரையேத்தலையா?"

"ஒங்காத்தா பங்குனி வெயில்ல போர்வை கேட்டாகளா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டே, "இரு, யோசிச்சுச் சாயங்காலம் பதில் சொல்றேன்" என்றான். காளீஸ்வரி உதட்டைச் சுழித்துக்கொண்டு பாவாடையை மடித்தாள். அவளை உயிரோடு அவன் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

பதினோரு மணிவாக்கில் வீட்டுக்குப் பின்னால் விறகு எடுக்கப் போனவளின் கையில் நல்லபாம்பு கொத்தியது. மூட்டத்துக்குப் போக மிஞ்சிய விறகு. அடுக்கி வைத்தவன் அவன்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திருச்சுழி தாண்டுவதற்குள் கண் சொருகிவிட்டது என்றார்கள். மாரிக்கண்ணன் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். அவன் விட்டு வந்த மூட்டம் அன்று மாலையே வாய் திறந்து, விடிவதற்குள் முழுக்கச் சாம்பலாகிப் போயிருந்தது. 

எரித்த மறுநாள் சாம்பல் அள்ளக் காடாத்துக்குப் போகும்போது, செத்தவர் புழங்கிய சாமானையெல்லாம் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் போட்டு எரித்துவிட வேண்டும். அவனுடைய அக்கா தங்கமாரிதான் எடுத்துக் கட்டினாள். பாய், தலையணை, உடுத்திய சேலை, சீப்பு, செருப்பு. "அவ கை பட்டது ஒண்ணும் வீட்ல தங்கப்படாதுப்பா. புள்ள பயந்துக்கிரும்" என்றாள். மாரிக்கண்ணன் சுவரில் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைப் பார்த்தான். இந்த ஒன்றரை வருஷமாகக் காளீஸ்வரி எங்கே கிளம்பினாலும் தோளில் கிடந்த பை. அவளை நினைத்தால் அந்தப் பையோடுதான் நினைவு வந்தது. "இதுவும் அவளோடதுதான்" என்று அவனே கழற்றி மூட்டையின் மேல் வைத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அவள் உயிரோடிருந்தபோதும் பார்த்ததில்லை. சுடுகாட்டில் துணிகள் வெள்ளைப் புகையாகப் போய்க்கொண்டிருக்கையில், நடுவில் திடீரென்று கறுப்பாக ஒரு புகை சுருண்டு எழுந்தது. மூக்கை அரிக்கிற நாற்றம். புகையைப் பார்த்தே பிழைக்கிறவன் அவன். வெள்ளையாக வந்தால் விறகு பச்சை, நீலமாக வந்தால் கரி வெந்துவிட்டது. இது எதிலும் சேரவில்லை. செருப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள். வீட்டில் கூட்டம் வடிந்திருந்தது. தங்கமாரி மட்டும் இருந்தாள். சுகப்பிரியா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்திருந்தவள், எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீங்கினாற்போல் முகம். கொஞ்ச நாளாகவே குரல் கட்டையாகி கிழவி குரலாகக் கரகரத்தது.

"ப்பா, என் கையெலும்பு போட்டோ எங்க?"

"என்ன போட்டோத்தா?"

"இருட்டு ரூம்ல கைய வச்சு எடுத்தாகள்ல. எலும்புக்கு என்ன வயசுன்னு பாக்கணும்னாக டாக்டரம்மா. மஞ்சப் பையிலதான அம்மா வச்சிருந்துச்சு. ரத்தம் எடுத்த சீட்டும் அதுலதான் இருக்கு."

மாரிக்கண்ணன் ஆணியைப் பார்த்தான். வெறும் ஆணி. சுவரில் பை உரசி உரசி விழுந்த மஞ்சள் தடம் இருந்தது. கறுப்பாக எழுந்த புகை என்ன என்று இப்போது தெரிந்தது. 

"அக்கா, அந்தப் பையில புள்ளையோட சீட்டெல்லாம் இருந்துச்சாம்."

"எனக்கு எப்புடிப்பா தெரியும்? நீதான கழட்டித் தந்த." சொன்ன பிறகு தங்கமாரிக்கே வருத்தமாகிவிட்டது. குரலை இறக்கினாள். "விடு. புள்ளைக்கு ஒரு நோவும் இல்ல. அவ ஆத்தாதான் ஊர் ஊராத் தூக்கிட்டு அலைஞ்சு நோவாளியாக்கிட்டா. எல்லாம் வளர்ற வயசுல வளரும்."

"நாளைக்குப் போய் வாங்கிட்டு வாரேன்."

"பதினாறு கழியாம படியிறங்குவியா? ஊரு என்ன பேசும்?"

"சனிக்கிழம போகணும்னு அவ சொன்னா, அக்கா. ரெண்டு சனிக்கிழம போயிருச்சு."

 மறுநாள் காலையில் தங்கமாரியே பிள்ளைக்குத் தலைசீவிவிட்டாள். முடி கற்றையாகச் சீப்போடு வந்தது. அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

எங்கே போவது என்று அவனுக்குத் தெரியாது. எந்த டாக்டர், எந்தத் தெரு, ரத்தம் எங்கே எடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. காளீஸ்வரி சாயங்காலம் வந்து சொல்லும்போதெல்லாம் அவன் மறுநாள் விறகு வெட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். தெரிந்தது பிள்ளைக்கு மட்டும்தான். ஒன்பது வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் காட்டுகிற வழியில் போக வேண்டியதுதான்.

பஸ்ஸில் கண்டக்டர் அவனுக்கு மட்டும் டிக்கெட்டைக் கிழித்தார். "பாப்பாவுக்கு அஞ்சு ஆகலேல்ல? வேணாம்."

"நான் நாலாப்பு" என்றாள் சுகப்பிரியா.

"நாலாப்பா! அப்ப நான் காலேசு. ஏத்தா, குரலப் பாரு, மைக்செட்டை முழுங்கிட்டியா?" என்று கண்டக்டர் சிரித்தார். முன் சீட்டில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நாலாப்புத்தாங்க" என்றான் மாரிக்கண்ணன். கண்டக்டர் அவனுடைய மழிக்காத முகத்தைப் பார்த்துவிட்டு அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிள்ளை அதற்குள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். ஜன்னலில் அனல் அடித்தது. அவள் கை ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்தது மாதிரி இருந்தது.

அருப்புக்கோட்டையில் பொங்கல் முடிந்து, பொட்டலில் ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இறங்கிய இடத்தில் சுகப்பிரியா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டால் உடனே சொல்ல மாட்டாள். எதைக் கேட்டாலும் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து பதிலை இறைத்து மேலே கொண்டுவருகிற மாதிரி நேரம் எடுக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே மண்டு என்று பெயர். அவனும் ஓரிரு தடவை சொல்லியிருக்கிறான்.

"இந்தக் கடையிலதான் அம்மா எனக்குப் பன்னு வாங்கித் தரும். அது திங்காது. தண்ணி மட்டும் குடிக்கும்" என்றாள். பிறகு கொஞ்ச தூரம் நடந்து, "இந்த வேப்பமரத்துல உக்காரும். கால் வலிக்குதுன்னு செருப்பக் கழட்டும்" என்றாள். அவன் அந்த மரத்தடிக் கல்லைப் பார்த்தான். இரண்டு தெரு தவறிப் போனார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது பிள்ளையால் நடக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டான். அவளைத் தூக்கி இரண்டு வருஷமாகிவிட்டது. ஏழு வயதில் தூக்கிய அதே கனம்தான் இடுப்பில் இருந்தது. வயிறு மட்டும் உப்பி அவன் விலாவில் முட்டியது. அப்போது அவன் தோளுக்கு மேலிருந்து, "ப்பா, வளையல் கடை. அதுக்கு மேல மாடிதான்" என்றாள்.

மாடியில் குறுகலான ஓர் அறை. ரத்தப் பரிசோதனை செய்கிற இடம். சுகந்தி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண், சீட்டைக் கேட்டாள்.

"சீட்டு இல்லம்மா. தொலைஞ்சிருச்சு."

"எந்தத் தேதி எடுத்தீங்க?"

அவன் நாட்களை எண்ணினான். எல்லா நாளையும் இப்போது காளீஸ்வரி செத்த அந்தப் புதன்கிழமையிலிருந்துதான் எண்ண முடிந்தது. அதற்கு இரண்டு நாள் முந்தி. தேதியைச் சொன்னான். சுகந்தி கம்ப்யூட்டரில் தேடினாள். பிறகு நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தாள்.

"சுகப்பிரியாவா? ஒங்க நம்பருக்கு எத்தன தடவ போன் பண்ணுறது? அஞ்சாறு நாளு விடாம அடிச்சேன். அந்தக்கா ரத்தம் எடுத்த அன்னைக்கே மூணு தடவ கேட்டாக, எப்ப வரும் எப்ப வரும்னு. ரத்தம் மதுரைக்குப் போய் வரணும்க்கான்னு சொன்னேன். ரிசல்ட்டு வந்த பொறகு போனு ஆஃப்லயே கெடக்கு. அவுக வரலையா?"

காளீஸ்வரியின் அந்தப் போனை அவன்தான் அணைத்துப் பெட்டிக்குள் போட்டிருந்தான். சொல்ல வாயைத் திறந்தான்.

"அம்மா செத்துப்போச்சு" என்றாள் சுகப்பிரியா. அதே கரகரத்த குரலில், யாரோ கேட்ட கேள்விக்கு வகுப்பில் எழுந்து பதில் சொல்வதைப்போல.

 சுகந்தி எழுந்து போய் ரிசல்ட் காகிதத்தை எடுத்து வந்தாள். ஒரு எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. "இதுல என்னம்மா போட்ருக்கு?" என்று கேட்டான். "டாக்டர்ட்டயே கேளுங்கண்ணே. ஆனா இன்னைக்கே காட்டிருங்க. அஞ்சு மணிக்கு வந்துருவாங்க. நாளைக்குன்னு போயிறாதீக" என்றாள். டாக்டரம்மாவின் வீட்டுக்கு வழியை ஒரு தாளில் வரைந்து கொடுத்தாள். காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த பிறகும் அவன் கை அதன் மேலேயே இருந்தது.

டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். காகிதத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அம்மா வரலையா?"

இந்தத் தடவை அவனே சொன்னான்.  டாக்டரம்மா பிள்ளையை அருகில் இழுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கன்னத்தை, நாக்கை, முழங்கைத் தோலைப் பார்த்தார்.

"பழைய காகிதமெல்லாம் எங்கே? எக்ஸ்ரே இருக்கணுமே. ஒரு நோட்டு வச்சிருந்தாங்க, நாள் வாரியா எழுதி."

"எரிஞ்சு போச்சும்மா" என்றான்.  நோட்டு இருந்தது அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

"பரவாயில்ல, மறுபடி எழுதிக்கலாம். நீங்க சொல்லுங்க. மலம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை போறா? எப்ப இருந்து குரல் இப்படி இருக்கு? எத்தனை மணி நேரம் தூங்குறா?"

 ஒவ்வொரு கேள்விக்கும் அவன் மகளைப் பார்த்தான். மகள் மெதுவாக யோசித்துச் சொன்னாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி இருந்தது அவனுக்கு.

"குளிர் தாங்குவாளா?"

அதற்கு மட்டும் அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. லீவு நாளில் அவனோடு மூட்டத்துக்கு வருவாள். வேலையாட்களே பத்தடி தள்ளி நிற்கிற சூட்டில், மூட்டத்து மண்ணை ஒட்டி முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். எந்திரிடி என்றாலும் எந்திரிக்க மாட்டாள். "கரிக்காரன் மகடா, சூட்டுக்கு அஞ்சுவாளா?" என்று அவன் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான். அப்பன் வேலை செய்கிற இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என்று உள்ளுக்குள் பூரித்தும் இருக்கிறான்.

"தாங்க மாட்டா" என்றான்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது சுரக்க வேண்டியது சுரக்கல. ஏன் சுரக்கலைங்கிறதுக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனையும் மதுரைல ஒரு ஸ்கேனும் பாக்கணும். அதுக்கப்புறமும் காரணம் முழுசாத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரையை நாளைக் காலைலயே ஆரம்பிங்க. வெறும் வயித்துல, தண்ணியோட. அரைமணி நேரம் கழிச்சுத்தான் பால், சாப்பாடு. ஒரு நாள்கூட விடக்கூடாது."

"எத்தன மாசத்துக்கும்மா?"

"ஒருவேளை காலம் பூரா."

அவன் தலையாட்டினான்.  "வளருவாளா?"

"வளருவா. மூளைக்கு ஒண்ணும் ஆகல, சுறுசுறுப்பும் வந்துடும். ஆனா விட்டுப்போன ரெண்டு வருஷத்து உயரம் முழுசாத் திரும்பி வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

"முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"உங்க வீட்டம்மா ஒன்றரை வருஷமா அலைஞ்சிருக்காங்க. பூச்சி மருந்து, டானிக், சத்து மாவுன்னு ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ணு. என்கிட்ட வந்தப்ப ஒரு பாவாடையைப் பையிலேர்ந்து எடுத்து மேஜை மேல விரிச்சாங்க. 'இதுல தச்ச மடிப்பைப் பிரிக்கணும்னு ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன் டாக்டரம்மா'ன்னாங்க. அதுக்கப்புறம் நான் வேற எதுவும் கேக்கல. ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன்."

மாரிக்கண்ணன் வெளியே வந்தான். சுகப்பிரியா அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பன்னு வாங்கவாத்தா?" என்றான். "ம்" என்றாள். வாங்கிக் கொடுத்தான். கடைக்காரர் அவனுக்கும் ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான்.

அடுத்த நாளிலிருந்து காலை ஆறு மணிக்கு மாத்திரை. முதல் வாரம், மாத்திரையை டீயோடு கொடுத்தால் என்ன என்று தங்கமாரி ஒரு நாள் கேட்டாள். அவன் பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவில்லை. மதுரைக்கு ஒரு தடவை போய் வந்தார்கள். ஸ்கேனில் சுரப்பி சிறுத்துப்போயிருக்கிறது என்றார்கள். ஏன் என்று கேட்டான். சில பேருக்கு உடம்பே அதை அழித்துவிடும் என்றார்கள். உடம்புக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, கேட்காமல் வந்துவிட்டான். காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு புது மஞ்சள் பையில் போட்டு, அதே ஆணியில் மாட்டினான். ஒரு நோட்டு வாங்கினான். அவனுடைய கையெழுத்து கோணல்மாணலாக ஓடியது. இன்று வெளிக்குப் போனாள். இன்று போகவில்லை. இன்று ஏழு மணிக்கே எழுந்தாள்.

சித்திரையில் மறுபடி மூட்டம் போட்டான். பள்ளிக்கூடம் லீவு. சுகப்பிரியாவும் வந்தாள். மண் பூசி, வாய் அடைத்து, தீ பிடித்ததும் அவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் முதலில் பழைய இடத்துக்குத்தான் போனாள், மூட்டத்தை ஒட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். தள்ளிப் போய்க் கருவேல நிழலில் உட்கார்ந்துகொண்டு, "ப்பா, தண்ணி வேணும்" என்றாள். அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது தண்ணீர் தளும்பிக் காலில் சிந்தியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து பாவாடையை எடுத்தான். பிள்ளையின் துணி என்பதால் அது மூட்டையோடு போகாமல் தப்பியிருந்தது. மகளை வாசற்படியில் நிற்கவைத்து இடுப்பில் வைத்துப் பார்த்தான். கரை கணுக்கால் எலும்பைத் தொட்டு நின்றது.

"பிரிக்கணுமாப்பா?"

"இப்ப வேணாம்த்தா."

உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். ஊதா நூல் கிடைக்காமல் நீல நூலில் தைத்திருந்தாள். ஒவ்வொரு தையலும் அரிசி அளவு. அவன் தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து மடிப்பின் மேல் வைத்தான். கரி ஏறித் தடித்த விரல்கள். இரண்டாவது விரலில் பாதி மடிப்பைத் தாண்டி வெளியே நின்றது. அவன் விரலுக்கு அது ஒன்றரைதான். காளீஸ்வரியின் விரலுக்குத்தான் இரண்டு.